பதினைந்து பேரும் வந்த நாள்

பாட்டுப் பயிற்சி முடிந்தால் அவர்கள் நேரே வீட்டுக்குப் போகமாட்டார்கள். நாங்கள் பயிற்சி செய்யும் பிள்ளைக்காம்பராவுக்குக் கீழே பாறை இடுக்கிலிருந்து ஊற்றுத் தண்ணீர் கொட்டும் பீலி இருக்கிறது. அங்கே போய் வரிசையாக நிற்பார்கள். முதலில் கால், அடுத்து கை. கடைசியாக உள்ளங்கையில் கொஞ்சம் அள்ளித் தலையில் ஒரு தெளிப்பு. அதற்குப் பிறகுதான் தங்கள் லயத்து வீட்டுப் படியில் ஏறுவார்கள்.

நான் மேலே வாசலில் வரவுக் கொப்பியோடு நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். பனி இறங்கத் தொடங்கியிருக்கும். தேயிலைக்கு நடுவே யாரோ அடுப்பு மூட்டிய புகை, ஈர விறகு வாசனையோடு மேலே வரும். இவ்வளவு குளிரிலும் இந்தப் பெண்களுக்கு எத்தனை சுத்தம் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைப் போனில் படம்கூட எடுத்தேன். பத்துப் பன்னிரண்டு ஈரக் கால்கள், கறுத்த பாறை, வெள்ளையாய் விழும் தண்ணீர். 'பாடி முடித்த பாதங்கள்' என்று பெயர் வைத்துப் போட்டேன். கூடப் படித்தவர்கள் எல்லாரும் இதயம் போட்டார்கள்.

அந்தப் படத்தை இன்னும் அழிக்கவில்லை. அது உண்மையில் என்ன படம் என்பதுதான் இந்த வாரத்துக் கதை.

நினைவு சேர வயது வேண்டுமா?

அதற்கு முன்னால் ஒரு கடிதம். பண்டாரவளையிலிருந்து ஒரு வாசகர், நான் போன வாரம் எழுதிய ஹாஸ்டல் கதையைப் படித்துவிட்டு, "இருபத்தேழு வயதில் நினைவுக் குறிப்பா? உங்களுக்கு நினைவே இன்னும் சேர்ந்திருக்காதே" என்று கேட்டிருக்கிறார்.

நியாயமான கேள்விதான். ஆனால் ஐயா, வெட்கப்பட்ட விஷயங்கள் சீக்கிரம் சேர்ந்துவிடுகின்றன. அதற்கு அறுபது வயதுவரை காத்திருக்க வேண்டியதில்லை.

புதிதாக இந்தத் தொடருக்குள் வருகிறவர்களுக்காக ஒரு வரி. என் அப்பா தெமோதரைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. கொழுந்து எடுக்கிறவர்களுக்கு வேலை பிரித்துக் கொடுப்பது, வரவு போடுவது, நிறுவையைப் பார்ப்பது அவர் வேலை. அதனால் நாங்கள் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் இல்லை. மேட்டில் தனியாக நிற்கும் குவார்ட்டஸில் இருந்தோம். லயத்துக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு மலைத் தேயிலை. நடந்தால் ஏழு நிமிடம். நான் அந்த ஏழு நிமிடத்தைச் சின்ன வயதில் நடந்ததே இல்லை.

நடக்க விடவில்லை என்று சொல்வதுதான் சரி. கீழே போனால் சளி பிடிக்கும் என்பாள் அம்மா. என்ன சளி என்று எனக்குப் பின்னால்தான் புரிந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்ப்பேன். திருவிழா, சண்டை, கல்யாணம், பிள்ளைகள் டயர் உருட்டுவது என்று எல்லாமே எனக்குச் சத்தமாகத்தான் வந்தது. முகங்கள் வரவில்லை. நான் இசை படிக்கப் போனதற்கு அந்த ஜன்னல்தான் காரணமோ என்று சில சமயம் தோன்றும்.

சின்ன நாற்காலிகள்

பல்கலைக்கழகத்தில் இசை முடித்து, நியமனத்துக்குக் காத்திருந்த காலம் அது. பதுளையில் ஒரு பள்ளிக்கூடத்தில் தற்காலிகமாகப் பாட்டு சொல்லிக்கொடுத்தேன். வாரநாளெல்லாம் பஸ்ஸில் போய் வருவேன். ஞாயிற்றுக்கிழமை வந்தால் கையும் காலும் சும்மா இருக்காது.

அப்போதுதான் மாகாண விழாவுக்கு நாட்டார் பாடல் குழுக்களைத் தெரிவு செய்யப்போகிறார்கள், தெரிவு பதுளை மண்டபத்தில் என்று அறிவிப்பு வந்தது. மேடையில் குறைந்தது பன்னிரண்டு பேர் நிற்க வேண்டும். தோட்டத்துப் பெண்களை வைத்தே ஒரு குழு என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். தெரிவாக வேண்டும் என்பது ஊருக்குச் சொன்ன காரணம். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் போய்விட வேண்டும் என்பது எனக்குள்ளேயே வைத்திருந்தது.

பதினைந்து பேர் வந்தார்கள். ஞாயிறுகளில் பூட்டிக் கிடக்கும் பிள்ளைக்காம்பராவைப் பயிற்சிக்குக் கேட்டு வாங்கினேன். வேலைக்குப் போகும் தாய்மார் கைப்பிள்ளைகளை விட்டுப் போகிற இடம் அது. சுவரில் யானை, முயல் படங்கள். உள்ளே இருந்ததெல்லாம் ஒரு முழ உயர நாற்காலிகள். அதில் நாற்பது வயதுப் பெண்கள் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்தார்கள். முதல் நாள் முழுக்கச் சிரிப்புத்தான். "இதுல இருந்து எந்திரிக்க ஆள் விடணும் டீச்சர்" என்றார் சரோஜா அக்கா.

சரோஜா அக்காவை அறிமுகப்படுத்த வேண்டும். அவர்தான் எங்கள் முன்பாட்டுக்காரி. அவர் ஒரு அடி எடுத்துக் கொடுத்தால் மற்றப் பதினாலு பேரும் பின்னால் வாங்கிப் பாடுவார்கள். கொஞ்சம் கரகரத்த குரல். மலையில் நின்று பாடினால் அடுத்த மலையில் கேட்கும். வாய்த் துடுக்கும் அதே அளவு.

நான் செய்த முதல் தவறு வரவு போட்டது. கொப்பியைத் திறந்து பெயர் வாசித்தேன். நாற்காலியில் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் சட்டென்று எழுந்து, முந்தானையை இழுத்துச் செருகி, கையைக் கட்டி நின்று பதில் சொன்னார்கள். விடியற்காலையில் அப்பா பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடும்போது எப்படி நிற்பார்களோ அப்படியே. என் குரல் அப்பாவின் குரலாகக் கேட்டிருக்கிறது. அடுத்த வாரத்திலிருந்து பெயர் வாசிப்பதை நிறுத்தினேன். தலையை எண்ணிக் குறித்துக்கொண்டேன். இதைப் பெரிய நாகரிகம் என்று எண்ணி என்னையே மெச்சிக்கொண்டேன்.

பாட்டு அவர்களுடையதுதான். கொழுந்து எடுக்கும்போது ஒருவரை ஒருவர் சீண்டிப் பாடுவது.

*மழைக்கு ஒதுங்குனா தொரைக்குக் கோவம்*
*மரத்துக்கு ஒதுங்குனா மாமிக்குக் கோவம்*
*கொழுந்துக்கும் கோவமில்ல கூடைக்கும் கோவமில்ல*
*கொண்டவனுக்கு மட்டும் எதுக்குடி கோவம்*

நடுவில் ரயில் வரும். தெமோதரையில் பாதை மலையைச் சுற்றித் தனக்கே கீழாகப் போகிறது அல்லவா, அதனால் ஒரே ரயில் எங்களுக்கு இரண்டு முறை கேட்கும். முதல் முறை பாட்டை நிறுத்துவோம். இரண்டாம் முறை வரும்போது, "பாரு, அதுக்கும் இன்னொருக்கா வேணுமாம்" என்பார் சரோஜா அக்கா. மறுபடி சிரிப்பு.

அந்த மூன்று ஞாயிறுகள் என் வாழ்க்கையிலேயே நல்ல ஞாயிறுகள். நாலாவது வாரம் நான் தாளத்தைச் சேர்த்தேன்.

ஜன்னலில் கேட்ட அடி

எனக்குப் பதினொரு வயது இருக்கும்போது, ஒரு மத்தியானம், காய்ச்சலில் படுத்திருந்தேன். கீழே ஓடைப் பக்கமிருந்து தப்பு அடிக்கிற சத்தம் வந்தது. திருவிழாவில் அடிக்கிற மாதிரி இல்லை. பெரட்டுக்குக் கூப்பிடுகிற மாதிரியும் இல்லை. மிக மெதுவாக மூன்று அடி, பிறகு ஒரு இடைவெளி. மறுபடி மூன்று அடி, இடைவெளி. அந்த இடைவெளியில் உலகமே மூச்சை நிறுத்திக்கொள்வது போல இருந்தது. அம்மா வந்து ஜன்னலைச் சாத்தினாள்.

காய்ச்சல் போய்விட்டது. அடி போகவில்லை. பல்கலைக்கழகத்தில் தாளம் பற்றி என்னென்னவோ படித்தேன். அந்த இடைவெளிக்கு ஈடாக ஒன்றையும் நான் கேட்கவில்லை. ஹாஸ்டல் மேசையில் விரலால் தட்டிக் காட்டினால் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்கள்.

எங்கள் தோட்டத்தில் தப்பு அடிப்பவர் மாரிமுத்து அண்ணன். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் ஆட்களில் ஒருவர். நாலாவது ஞாயிறு அவரை வரச்சொன்னேன். வாசலில், கவ்வாத்தில் விழுந்து காய்ந்த மிலாறுக் குச்சியைக் கொளுத்தி, தோலை வாட்டி, சுண்டிப் பார்த்து, "எந்த அடிங்க?" என்று கேட்டார். நான் சின்ன நாற்காலியின் முதுகில் தட்டிக் காட்டினேன். மூன்று அடி, இடைவெளி.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சரோஜா அக்காவைப் பார்த்தார். சரோஜா அக்கா முயலைப் பார்த்தார்.

"வேற நல்ல அடியெல்லாம் இருக்குங்க" என்றார் மாரிமுத்து அண்ணன்.

இதுதான் அழகு, இதுதான் நமக்கு வேண்டும், நடுவர்கள் அசந்துபோவார்கள் என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன். என் பேச்சின் வேகம் உங்களுக்குத் தெரியும். இந்தத் தொடரைப் படிக்கிறவர்கள் மூச்சு வாங்கத்தான் செய்வார்கள். அவர் நான் முடிக்கும்வரை நின்றார்.

"சரிங்க" என்றார். அடித்தார்.

பதினைந்து வருடத்துக்குப் பிறகு அதே அடி. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பெண்கள் பாடினார்கள். ஆனால் இடைவெளி வரும்போதெல்லாம் தடுமாறினார்கள். நாற்காலியில் உட்கார்ந்திருந்த அத்தனை பேருடைய பாதமும் அந்த இடத்தில் தானாகத் தூக்கி ஒரு எட்டு முன்னால் வைத்தது. மேடையில் கால் ஆடினால் அசிங்கம் என்று எனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். "காலால தாளம் போடாதீங்க அக்கா, காலைக் கட்டிப்போடுங்க" என்றேன். கட்டிப்போட்டார்கள்.

அன்றுதான் அவர்கள் முதன்முறையாகப் பீலியில் கால் கழுவினார்கள்.

ஒவ்வொருவராக

அடுத்த வாரம் பதின்மூன்று பேர். ஒருவருக்கு முழங்கால் வலி, ஒருவருடைய பிள்ளைக்குப் பரீட்சை. அதற்கடுத்த வாரம் பதினொன்று. கொழும்பில் கடை வேலைக்குப் போன புருஷன் லீவில் வந்திருக்கிறாராம். பிறகு ஒன்பது, ஏழு. எல்லாக் காரணமும் நல்ல காரணம். எல்லாரும் வழியில் பார்த்தால் கூடையை இறக்கிவைத்துவிட்டுச் சிரித்தார்கள்.

நான் என்னிடமே காரணம் தேடினேன். கடுமையாக இருக்கிறேனோ? ஒரு வாரம் பதுளை பஜாரில் ஒரு முஸ்லிம் நானா கடையிலிருந்து பட்டிஸ் பலகாரம் வாங்கிப் போனேன். "யாருக்கு, மகள், இவ்வளவு?" என்று கேட்டார் நானா. பதினைந்து பேர் கொண்ட என் குழுவுக்கு என்று பெருமையாகச் சொன்னேன். அன்றைக்கு ஐந்து பேர்தான் வந்தார்கள். மிச்சத்தை அந்தச் சின்ன நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து, யானையைப் பார்த்துக்கொண்டு, நானே தின்றேன். ரயில் ஒரு முறை போயிற்று. இன்னொரு முறை போயிற்று. கமெண்ட் அடிக்க ஆள் இல்லை.

வராதவர்களின் குரல் எனக்கு வேறு இடத்தில் கேட்டதுதான் கொடுமை. வாரநாளில் பஸ்ஸுக்கு நிற்கும்போது மேலே மலையிலிருந்து அதே பாட்டு வரும். *மழைக்கு ஒதுங்குனா தொரைக்குக் கோவம்.* பதினைந்து குரலும் இருக்கும். என்னிடம் வரும்போதுதான் முழங்கால் வலிக்கிறது.

பத்தாவது ஞாயிறு சரோஜா அக்காவும் வரவில்லை. முன்பாட்டு இல்லாமல் நாலு பேர் பின்பாட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அவர்களை அனுப்பிவிட்டு, தெரிவுக்கான படிவத்தை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, அவர் வீட்டுக்குப் போனேன். அவருடைய லயம் பிள்ளைக்காம்பராவுக்கு அடுத்ததுதான். கடைசிக் காம்பரா. எங்கள் யானைச் சுவருக்கும் அவர் வீட்டுச் சுவருக்கும் நடுவே தண்ணீர் ஓடும் ஒரு கான் மட்டும்.

யாருக்குத் தண்ணீர்?

உள்ளே இருட்டு. கொஞ்சம் மண்ணெண்ணெய், கொஞ்சம் மருந்து வாசனை. முன்கட்டில் ஒரு கட்டில். அதில் சரோஜா அக்காவின் மாமனார் வீரய்யா, கழுத்துவரை கம்பளி போர்த்திப் படுத்திருந்தார். கண் மூடியிருந்தது. அவர் அப்படிப் படுத்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது என்பது எனக்குத் தெரியாது. ஏழு நிமிட தூரம்.

அக்கா ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். பிளேன்டீ கொண்டுவந்து தந்தார். நான் டீயைத் தொடவில்லை. பன்னிரண்டு பேர் இல்லாமல் படிவம் கொடுக்க முடியாது, நீங்களே வராவிட்டால் எப்படி, நான் என்ன தப்பு செய்தேன் என்று கேட்டேன். கொஞ்சம் அழுகையோடு கேட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

அவர் கட்டிலை ஒரு முறை பார்த்துவிட்டு, குரலைத் தணித்துச் சொன்னார்.

"டீச்சர், நீங்க அடிக்கச் சொன்னது என்னா அடின்னு தெரியுமா?"

நான் ஏதோ தாளத்தின் பெயர் சொல்ல வாயெடுத்தேன்.

"பொணத்தக் குளிப்பாட்டத் தண்ணி எடுத்துக்கிட்டு வர்றப்ப அடிக்கிற அடி அது. ஓடையில இருந்து வீட்டு வாசல் வரைக்கும். வேற எதுக்கும் அடிக்கமாட்டாங்க."

அவர் நிறுத்தவில்லை. அடக்கி வைத்ததெல்லாம் அன்றைக்கு வந்தது.

"அதுக்கு நாங்க கொண்டவன் கோவிக்கிறான்னு சிரிச்சுக்கிட்டுப் பாடணும். காலையும் ஆட்டக் கூடாது. சரி, பாடினோம். சாவு வீட்டுக்குப் போய்ட்டு வந்த மாதிரி காலக் கழுவிட்டு வீட்டுக்குள்ள வந்தோம். இந்தா, இவரு இங்க படுத்திருக்காரு. ஞாயித்துக்கிழமை ஆனா கேக்குறாரு. 'யாருக்குடி தண்ணி எடுக்குறாங்க?' போன வாரம் கேக்குறாரு, 'வாரத்துக்கு ஒருத்தன் போறானே, கொழுந்து எடுக்க ஆள் இருக்கா?' நான் என்னா சொல்றது டீச்சர்? கணக்கப்புள்ள மக பாட்டுப் பழக்குதுன்னு சொல்றதா?"

கடைசி வரியில் அவருக்கே சிரிப்பு வந்து, அதை முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

"ஏன் அக்கா யாரும் சொல்லல?"

"ஒங்ககிட்ட எப்படிங்க சொல்றது?" என்றார். அதை அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. மிகச் சாதாரணமாகச் சொன்னார்.

மாரிமுத்து அண்ணனிடமும் பிறகு கேட்டேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "பெரட்டுல ஐயா இந்த மலைக்குப் போன்னா எதுக்குன்னு கேக்குறதில்லீங்களே. அந்தப் பழக்கந்தான்" என்றார். அப்பாவிடம் சொன்னபோது அவர் பேப்பரை மடித்துவைத்தார். அவருக்கு அந்த அடி தெரியும். முப்பது வருடம் அங்கேயே இருக்கிறார். ஞாயிறுதோறும் வாசலில் உட்கார்ந்து கேட்டிருக்கிறார். ஏதோ நாடகத்தில் சாவுக் காட்சி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாராம். எனக்குத் தெரியாமல் இருக்குமா என்று நினைத்தாராம்.

ஒரு தோட்டம் முழுக்கத் தெரிந்த விஷயம் எனக்கு மட்டும் தெரியவில்லை. அதை எனக்குச் சொல்லும் உரிமை தனக்கு இருப்பதாக ஒருவர்கூட நினைக்கவில்லை. பதினைந்து பேரை ஒன்றாகப் பாடவைக்கப் படித்தவள் நான்.

கம்பளிக்குள்ளிருந்து

சரோஜா அக்கா வீட்டுக்குப் போன அன்றைக்கே இன்னொன்றும் நடந்தது. நான் எழுந்து புறப்பட்டபோது கட்டிலிலிருந்து குரல் வந்தது. அவர் தூங்கவில்லை.

"நீதானா அந்தப் புள்ள?"

பக்கத்தில் போய் நின்றேன். மன்னித்துக்கொள்ளுங்கள் தாத்தா, தெரியாமல் செய்துவிட்டேன் என்றேன். அவர் கண்ணைத் திறந்து என்னை அளந்தார். கண்ணில் பூ விழுந்திருந்தது.

"மாரிமுத்துதான அடிச்சான்? கடைசி அடிய இழுத்தடிக்கிறான். அவங்கப்பன் இழுக்கமாட்டான்" என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கினார். "நமக்கு அடிக்கிறப்ப நம்ம காதுல விழாது பாரு. நான் முன்கூட்டியே கேட்டுக்கிட்டேன். போ."

"மாமா, சும்மா கெடங்க" என்றார் சரோஜா அக்கா.

நான் படிவத்தைக் கையில் கசக்கிக்கொண்டு வெளியே வந்தேன். பீலியைத் தாண்டும்போது நின்றேன். பத்து வாரம் நான் ஒரு நாள்கூட அங்கே கால் கழுவவில்லை. ஷூவோடு நேரே வீட்டுக்குப் போயிருக்கிறேன்.

குழு அத்தோடு முடிந்தது. மாரிமுத்து அண்ணனின் "வேற நல்ல அடி"யை வைத்து மறுபடி தொடங்கலாம் என்று இரண்டு ஞாயிறு பிள்ளைக்காம்பராவைத் திறந்து வைத்துக் காத்திருந்தேன். நாலு பேர் வந்தார்கள், அதுவும் எனக்காக. பன்னிரண்டு சேரவில்லை. தெரிவு நாளன்று பதுளை மண்டபத்துக்கு நான் மட்டும் போனேன். கடைசி வரிசையில் உட்கார்ந்து, மொனராகலையிலிருந்து வந்த ஒரு குழு கரும்பு வெட்டும் பாட்டுப் பாடுவதைக் கேட்டேன். நன்றாகப் பாடினார்கள். அவர்களைப் பழக்கிய பெண் மேடை ஓரத்தில் நின்று தன்னை மறந்து வாயசைத்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்கத்தான் முடியவில்லை. பாதியில் எழுந்து பஸ் ஏறிவிட்டேன்.

வரவு

சில மாதம் கழித்து, ஒரு பள்ளி விடுமுறைக் காலை. குவார்ட்டஸ் வாசலில் யாரோ செருமினார்கள். மாரிமுத்து அண்ணன். தோட்டத்தில் ஒரு சாவு விழுந்தால் வீடு வீடாகப் போய்ச் சேதி சொல்கிறவரும் அவர்தான். ஆனால் குவார்ட்டஸுக்கு அப்படி வருகிற வழக்கமில்லை. சேதி ஆபீஸ் மூலமாக வரும். அப்பா அதை ஒரு வரியாகச் சொல்வார்.

அவர் படிக்குக் கீழேயே நின்று, அப்பாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்.

"வீரய்யா போய்ட்டாருங்க. சரோஜா சொல்லச் சொல்லுச்சு."

அம்மா ஏதோ சொல்ல வந்தாள். அப்பா அவளைப் பார்த்தார். நான் செருப்புப் போட்டுக்கொண்டு இறங்கினேன்.

லயத்து முற்றம் நிறைந்திருந்தது. எனக்கு எங்கே நிற்பது என்று தெரியவில்லை. ஆண்கள் ஒரு பக்கம் பந்தல் கட்டிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் வாசலில் கட்டிப் பிடித்து அழுதார்கள். அந்த அழுகைக்குக்கூட ஒரு முன்பாட்டும் பின்பாட்டும் இருந்தது. நான் கானுக்கு இந்தப் பக்கம், யானைச் சுவரில் சாய்ந்து நின்றேன். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை, வரச் சொல்லவுமில்லை.

தண்ணீர் எடுக்கப் புறப்பட்டார்கள். குடம், செம்பு, வாளி, கிடைத்தது எல்லாம். சரோஜா அக்கா தலைமுடி அவிழ்ந்து, முகம் வீங்கி, கூட்டத்துக்கு நடுவே வந்தார். என்னைக் கடக்கும்போது நிற்கவில்லை. ஒரு செம்புக் குடத்தை என் கையில் இடித்துத் தந்தார்.

"என்னா நிக்கிற? தூக்கிட்டு வா."

நான் போனேன்.

ஓடைத் தண்ணீர் விரலை வெட்டுகிற குளிர். குடத்தை நிரப்பி இடுப்பில் வைத்தேன். நாலு பேர் ஒரு வெள்ளைச் சீலையை நாலு முனையில் பிடித்துத் தலைக்கு மேல் விரித்தார்கள். அதன் கீழே வரிசையானோம். மாரிமுத்து அண்ணன் முன்னால். மூன்று அடி, இடைவெளி.

அந்த இடைவெளியில் வரிசை முழுவதும் ஒரு எட்டு வைத்தது. மூன்று அடி அடிக்கும்போது நிற்கிறார்கள். அப்போது குடத்துத் தண்ணீர் ஆடி அடங்குகிறது. அடங்கியதும் ஒரு எட்டு. மறுபடி நிற்கிறார்கள். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. நான் உலகமே மூச்சை நிறுத்தும் மௌனம் என்று ஹாஸ்டலில் தட்டிக் காட்டிய இடம் மௌனம் இல்லை. அது ஒரு காலடி. ஆறு ஞாயிறாக நான் கட்டிப்போடச் சொன்ன காலடி.

என் குடம் மட்டும் தளும்பியது. இரண்டாவது திருப்பத்துக்குள் அதுவும் அடங்கிற்று.

மேட்டில் வரிசை வளைந்தபோது முன்னால் போகிற தலைகள் தெரிந்தன. பழக்கதோஷம், எண்ணினேன். முழங்கால் வலிக்காரர் இருந்தார். பரீட்சைப் பிள்ளையின் அம்மா இருந்தார். கொழும்பு லீவுக்காரரின் மனைவி இருந்தார். பதினைந்து. முதல் நாலு வாரத்துக்குப் பிறகு பதினைந்து பேரும் ஒன்றாக வந்தது அன்றைக்குத்தான். ஒருவரும் பாடவில்லை. தாளம் ஒரு இடத்திலும் பிசகவில்லை. வாழ்க்கையில் நான் கேட்ட மிகச் சரியான குழு அது. பழக்கியது நான் இல்லை.

கடைசி அடியை மாரிமுத்து அண்ணன் இழுக்கவில்லை.

வாசலில் குடத்தை வாங்கிக்கொண்டார்கள். உள்ளே போவதற்கு எனக்கு முறை இல்லை என்று எனக்கே தெரிந்தது. யானைச் சுவருக்கே திரும்பி வந்து நின்றேன். எல்லாம் முடிந்து ஆண்கள் எடுத்துக்கொண்டு போனபின், வீட்டுப் பெண்களைத் தவிர மற்றவர்கள் பீலிக்கு இறங்கினார்கள். நானும் இறங்கினேன். முதலில் கால். பிறகு கை. பிறகு தலையில் ஒரு தெளிப்பு. எனக்கு முன்னால் நின்ற முழங்கால் வலிக்காரர் திரும்பிப் பார்த்து, முந்தானையைப் பிழிந்துகொண்டே, "போய்ட்டு வாரோங்க டீச்சர்" என்றார்.

மறுபடி டீச்சர். ஓடையிலிருந்து வாசல் வரைக்கும்தான் எனக்கு அந்த இடம். அதற்கு மேல் கேட்பது பேராசை.

அவர்கள் லயத்துப் படியில் ஏறினார்கள். பதினாலு ஜோடி ஈரக் காலடி ஒன்றின் மேல் ஒன்றாகக் கலந்து, எது யாருடையது என்று தெரியாமல் சிமெந்தில் பரவிக் கிடந்தது. நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மேட்டுப் பாதையில் ஏறினேன். பாதியில் ரயில் சத்தம் கேட்டது. இன்னொரு தடவை வரும் என்று தெரிந்து நின்றேன். வந்தது. திரும்பிப் பார்த்தால், பாதையின் கருங்கல்லில் என் காலடி மட்டும், ஒவ்வொன்றாக, கீழேயிருந்து காய்ந்துகொண்டே வந்தது.